அண்ணல் அம்பேத்கரும் மாணவர் பசியும்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். அண்ணலின் வரலாறு நம்மவர்க்குப் புதிதன்று. அரசியல் சட்டம் வகுத்த மேதை, மகாத் குளத்து நீரை அள்ளிப் பருகிய போராளி, நாகபுரியில் பௌத்தம் தழுவிய அறிஞர் என்றெல்லாம் ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாளன்று மேடைகளில் கேட்டு வருகிறோம். அதையே மீண்டும் எழுதுவது அரைத்த மாவை அரைப்பதாகும். ஆகவே அப்பெருவாழ்வின் ஒரு கூற்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன். அவர் உண்ட உணவும், உண்ண இயலாமற்போன உணவும், பிற்காலத்தில் பிறர் பிள்ளைகளுக்கு உணவளிக்க அவர் மேற்கொண்ட முயற்சிகளுமே இக்கட்டுரையின் பொருள்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, நம் சங்கத்தின் இரவுப் படிப்பகத்தில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாள். நீர் தெளித்து எழுப்பித் தேநீரும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்தபின் விசாரித்தேன். காலையில் உண்ணவில்லை, நண்பகலிலும் உண்ணவில்லை. தேர்வு நெருங்குவதால் உணவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்றாள். உடம்பு என்னாவது என்று கடிந்துகொண்டேன். அதற்கு அவள், அண்ணல் இலண்டனில் அப்பளம் தின்று பசியாறிப் படித்தார் என்று நானே மேடையில் சொன்னதை எனக்கு நினைவூட்டினாள்.

உண்மைதான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அக்கதையை நான் அவ்வாறே சொல்லி வந்திருக்கிறேன், கைதட்டலும் பெற்றிருக்கிறேன். பசியைப் படிப்புக்குரிய தவம்போலக் காட்டியது என் பிழை. அண்ணலின் வரலாற்றை முழுதும் மறுபடியும் படித்தபோதுதான், அவர் பசியைப் பெருமையாகக் கொண்டவரல்லர் என்பதும், மாணவர் பசியைத் தீர்ப்பதையே தம் பொதுவாழ்வின் முதற்பணிகளுள் ஒன்றாகக் கொண்டவர் என்பதும் எனக்குத் தெளிவாயின.

அண்ணல் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மாவ் என்னும் படைமுகாம் ஊரில், ராம்ஜி சக்பால், பீமாபாய் இணையருக்குப் பதினான்காம் மகவாகப் பிறந்தார். அப்பதினான்கு பிள்ளைகளுள் பிழைத்து வளர்ந்தோர் ஐவர் மட்டுமே. ராம்ஜி படையில் சுபேதார் பதவி வகித்தவர். படைப்பள்ளியில் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். மகார் வகுப்பாருள் அந்நாளில் அதனினும் மேலான நிலையில் இருந்தோர் மிகச் சிலரே. அத்தகைய வீட்டிலேயே ஒன்பது பிள்ளைகள் மண்ணுக்குள் போயினர் எனில், கூலிக்கு உழைத்த குடும்பங்களின் நிலையை நான் சொல்ல வேண்டுவதில்லை.

ராம்ஜி ஓய்வு பெற்றபின் குடும்பம் சாத்தாராவில் குடியேறியது. அங்கே பீமராவுக்கு ஆறு வயது அளவிலேயே தாயார் மறைந்தார். பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அத்தை மீராபாய் மேல் விழுந்தது. முதுகு கூனிய அம்மூதாட்டியின் கைச்சோற்றில்தான் அண்ணல் வளர்ந்தார். பெரியோர் வரலாறுகளில் அடுப்படியில் நின்றவர்களுக்கு ஒரு வரிக்குமேல் இடம் கிடைப்பதில்லை. மீராபாய்க்கும் அவ்வளவே கிடைத்திருக்கிறது.

சாத்தாராப் பள்ளியில் மற்ற மாணவரோடு அமர அவருக்கு அனுமதி இல்லை. தாம் அமரும் சாக்குத் துண்டைத் தாமே வீட்டிலிருந்து கொண்டுவந்து, மாலையில் தாமே சுருட்டி எடுத்துச் செல்ல வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக்கூடாது. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட்டால்தான் குடிக்கலாம். சேவகர் இல்லாத நாளில் நீரும் இல்லை. இதனை நாம் தீண்டாமைக் கொடுமை என்று மட்டுமே படித்து வந்திருக்கிறோம். ஒரு பிள்ளையின் உடம்புக்கு நாள் முழுதும் நீர் கிடைக்காமற்போவது என்ன செய்யும் என்பதையும் ஆசிரியன் என்ற முறையில் நான் எண்ணிப் பார்க்கிறேன்.

1901ஆம் ஆண்டில் நடந்த ஒரு பயணத்தை அண்ணலே பின்னாளில் எழுதி வைத்துள்ளார். அப்போது மேற்கு இந்தியாவில் பெரும் பஞ்சம். பஞ்சத்தால் மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த காலத்தில், அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகச் சாத்தாரா மாவட்டத்தில் அரசினர் ஓர் ஏரி வெட்டினர். அந்த வேலையிடத்தில் ராம்ஜி காசாளராக இருந்தார். கோடை விடுமுறையைத் தந்தையோடு கழிக்க, பீமராவும் அவருடைய அண்ணனும் அக்காள் மக்களும் புத்தாடை உடுத்தி இரயில் ஏறினர். அத்தை வழியில் உண்பதற்கு நல்ல உணவு கட்டிக் கொடுத்தார். மசூர் நிலையத்தில் இறங்கியபோது அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. பிள்ளைகள் மகார் வகுப்பினர் என்று அறிந்ததும் நிலையத் தலைவரின் முகம் மாறியது. வண்டிக்காரர் ஒருவரும் ஏற்றிச் செல்ல முன்வரவில்லை. இரட்டைக் கூலி தருவதாகவும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்டுவதாகவும், வண்டிக்காரர் உடன் நடந்து வருவதாகவும் பேசி முடித்த பின்னரே பயணம் தொடங்கிற்று.

இருட்டுகிற வேளையில் வழியில் நிறுத்தி உணவுக் கூடையைத் திறந்தனர். உண்ணத் தண்ணீர் வேண்டும். அருகிலிருந்த குட்டை சேறும் சாணமும் மாட்டு மூத்திரமும் கலந்து நாறியது. மூடிய கூடையோடு மேலும் சென்று, நள்ளிரவில் ஒரு சுங்கச் சாவடியை அடைந்தனர். தம்மை முஸ்லிம் பிள்ளைகள் என்று சொல்லிக் கேட்டும் நீர் கிடைக்கவில்லை. கூடை நிறைய உணவு இருக்க, அப்பிள்ளைகள் வயிறு காய்ந்து வண்டியிலேயே உறங்கினர்.

இளைஞர்களே, இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்குங்கள். பசி என்றால் வீட்டில் அரிசி இல்லாமையே என்று எண்ணுகிறோம். அன்றிரவு அரிசி இருந்தது. சமைத்துக் கட்டியும் இருந்தது. அதை உண்ணவிடாமற் செய்தது ஊரார் மனம். பஞ்ச நிவாரண வேலைக்குக் கணக்கு எழுதியவரின் பிள்ளைகளே அவ்வாறு பட்டினி கிடந்தனர் என்பது இன்னும் கசப்பானது. இன்றும் நம் நாட்டின் சில ஊர்களில், ஆதி திராவிடப் பெண் சமைத்தாள் என்பதற்காகப் பள்ளி உணவை வேண்டாமென்ற பெற்றோரைப் பற்றிச் செய்தித்தாள்களில் படிக்கும்போதெல்லாம் அந்த மூடிய கூடை என் நினைவுக்கு வருகிறது.

சாத்தாராவில் இருந்தபோதே அச்சிறுவருக்குப் பள்ளியை விட்டு ஓடிவிடும் எண்ணமும் வந்தது. பம்பாய்க்குப் போய் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, தம் சோற்றைத் தாமே தேடிக்கொள்வது என்று முடிவு செய்தார். வழிச்செலவுக்காக, உறங்கும் அத்தையின் இடுப்பிலிருந்து பணப்பையை எடுக்க அடுத்தடுத்த இரவுகளில் முயன்று, நான்காம் இரவில் கைப்பற்றினார். பைக்குள் இருந்தது அரையணா. அரையணாவில் பம்பாய் போக இயலாது. வெட்கமுற்று, நன்கு படித்தே தம் காலில் நிற்பதென்று மனத்தை மாற்றிக்கொண்டார். அப்பையில் ஐந்து ரூபாய் இருந்திருந்தால் நம் நாட்டு வரலாறு எவ்வாறு போயிருக்குமோ! என் பள்ளியிலிருந்து திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போன ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சிலருடைய பையில் பேருந்துக் கட்டணம் இருந்துவிட்டது.

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்கு வந்து பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறையில் குடியேறியது. சமையல், படுக்கை, படிப்பு யாவும் அந்த ஒரே அறையில். தலைமாட்டில் அரைக்கும் கல், கால்மாட்டில் ஆடு. தந்தையார் பின்னிரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க வைப்பார். புத்தகம் வாங்கப் பணம் இல்லாதபோது, மணமாகிச் சென்ற பெண்களின் நகையை வாங்கி அடகு வைத்தார். எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்து 1907ஆம் ஆண்டு அண்ணல் மெட்ரிக்குலேஷன் தேறினார். இடையில் 1906 அளவில், ஒன்பது வயதுச் சிறுமி இரமாபாய் அவருக்கு மணம் முடிக்கப்பட்டார். மெட்ரிக்குலேஷன் தேறியதற்கு மகார் வகுப்பார் பாராட்டு விழா நடத்தினர். கேலுஸ்கர் என்னும் நல்லாசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். அவர் முயற்சியால் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் திங்கள்தோறும் 25 ரூபாய் உதவித்தொகை அளிக்க, கல்லூரிப் படிப்பு நடைபெற்றது. கல்லூரியிலிருந்த சிற்றுண்டிச் சாலைக்காரர் அவருக்குத் தேநீரோ குடிநீரோ தரவில்லை. பையில் காசு இருந்தும் பசியோடு வகுப்பில் இருந்த நாட்கள் அவை. 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913இல் தந்தையார் காலமானார். அதே ஆண்டில் பரோடா மன்னரின் உதவியோடு நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார்.

நியூயார்க்கில் அவருக்குச் சாதியின் தொல்லை இல்லை. எல்லோருடனும் ஒரே மேசையில் உண்டார். ஆயினும் கிடைத்த தொகையில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பியதால் தமக்கென மிகச் சிக்கனமாகவே செலவழித்தார். 1917இல் தாயகம் திரும்பியபின் பரோடாவில் பட்ட அவமானங்களையும், பின்னர் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்ததையும் நீங்கள் அறிவீர்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்த தொகையும், நண்பர் நவல் பதேனா கொடுத்த கடனும், கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவியும் சேர, விட்ட படிப்பைத் தொடர 1920ஆம் ஆண்டு இலண்டன் சென்றார்.

நான் மேடையில் சொல்லிவந்த கதை இங்கேதான் வருகிறது. அவர் தங்கிய விடுதி ஒரு கடுமையான மூதாட்டியுடையது. காலையில் ஒரு துண்டு ரொட்டி, சிறிதளவு மீன் விழுது, ஒரு கோப்பைத் தேநீர். அதை உண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்துக்கு நடந்து சென்று, கதவடைக்கும் வரை படிப்பார். நண்பகல் உணவுக்குப் பணம் இல்லை. மாலையில் போவ்ரில் என்னும் இறைச்சிச் சாறு கரைத்த வெந்நீரும் சில பிஸ்கட்டுகளும். இரவு பத்து மணிக்கு மீண்டும் பசி வயிற்றைக் கிள்ளும். அறிமுகமான இந்தியர் ஒருவர் கொடுத்திருந்த அப்பளக் கட்டில் நான்கைச் சுட்டுத் தின்று, ஒரு கோப்பைப் பால் குடித்து, விடியும்வரை படிப்பார். இவ்வாறு படித்தே டி.எஸ்ஸி. பட்டமும் பாரிஸ்டர் தகுதியும் பெற்றார். 1923இல் தாயகம் திரும்பினார்.

இவை யாவும் உண்மை. ஆனால் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இலண்டன் சென்றபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. வளர்ந்து முடிந்த உடம்பு. எலும்பு முற்றி, உயரம் நின்று, உடல் தனக்கு வேண்டியதைக் கட்டி முடித்த பின்னரே அவர் அப்பட்டினியைத் தாங்கினார். பதினாறு வயதில் பரேல் அறையில் அவர் ஏழைதான். எனினும் அந்த அறையிலேயே அடுப்பு எரிந்தது, குறைவாயினும் தந்தையின் ஓய்வூதியம் மாதந்தோறும் வந்தது. பதினாறு வயதுப் பிள்ளை இருபத்தொன்பது வயது மனிதரின் பட்டினியைக் கடைப்பிடிக்க முயல்வது பொருந்தாது.

ஏன் என்று கேட்பீர்கள். பிறந்த முதல் ஆண்டுகளுக்கு அடுத்தபடியாக உடம்பு மிக விரைந்து வளர்வது பத்து வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான். முழு வளர்ச்சியடைந்தவரின் உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், எடையில் ஏறத்தாழப் பாதியும் அப்பருவத்திலேயே சேர்கின்றன என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாயும் தொடங்குவதால் இரும்புச் சத்து இன்னும் மிகுதியாக வேண்டும். அது கிடைக்காவிடில் இரத்தம் வெளுக்கும். படித்தது மனத்தில் நில்லாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். வகுப்பில் உறங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று நாங்கள் அடித்த காலம் ஒன்று உண்டு. 2019-21இல் நாடு முழுதும் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கும், அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 31 பேருக்கும் இரத்தசோகை இருந்தது. என் படிப்பகத்தில் விழுந்த மாணவி அந்த 59 பேரில் ஒருத்தி என்பதைப் பின்னர் மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டோம்.

ஏழை நாடுகள் பலவற்றிலும் பள்ளி உணவு சிறு பிள்ளைகளுக்கே முதலிடம் தருகிறது. நம் நாட்டுத் திட்டம் எட்டாம் வகுப்போடு நிற்கிறது. தமிழ்நாட்டில் 1956இல் காமராசர் தொடங்கியதும், 1982இல் சத்துணவாக விரிந்ததும், 1984இல் பதினைந்து வயது வரை நீண்டதும் பிற மாநிலத்தார் போற்றும் செயல்கள். நானே அந்தச் சத்துணவைத் தட்டேந்தி உண்டு வளர்ந்தவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. 2022இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்தது. ஆயினும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் தட்டு நின்றுவிடுகிறது. விடுதியில் இடம் பெற்றவர்க்குக் கவலை இல்லை. நாள்தோறும் பேருந்தில் போய்வரும் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், களை எடுக்கவோ சித்தாள் வேலைக்கோ தாய் விடியலிலேயே போய்விடும் வீடுகளிலிருந்து, வெறும் வயிற்றோடு கிளம்புகின்றனர்.

அண்ணல் 1923இல் தாயகம் திரும்பியதும் என்ன செய்தார் என்பதை இனிப் பார்ப்போம். 1924ஆம் ஆண்டு பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை என்னும் அமைப்பைத் தொடங்கினார். விலக்கி வைக்கப்பட்டோர் நலச் சபை என்று அதனைத் தமிழில் சொல்லலாம். அச்சபை முதலில் கையெடுத்த பணிகளுள் ஒன்று, 1925 சனவரியில் ஷோலாப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு விடுதி திறந்தது. உணவும் உடையும் எழுதுபொருளும் சபையின் செலவு. தொடக்கப் பள்ளிச் சிறுவர்க்கு என்று அல்லாமல், உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கென்று அது திறக்கப்பட்டதை மனத்திற் கொள்க. தொடக்கப் பள்ளி ஊரிலேயே இருக்கும். உயர்நிலைப் பள்ளி நகரத்தில் இருக்கும். நகரத்தில் நம் பிள்ளைக்குச் சோறு போடுவார் இல்லை. உழைக்கத்தக்க வயதை அடைந்த பிள்ளையை வீட்டார் வேலைக்கு இழுப்பதும் அந்த வயதில்தான். ஐந்தாம் வகுப்புவரை வந்த கூட்டம் மெட்ரிக்குலேஷன் வரை வராமல் உதிர்ந்துபோனதன் காரணத்தை அண்ணல் அடுப்படியில் கண்டார்.

1927ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டசபையில் அவர் பேசிய பேச்சு ஒன்று, நம் சங்கத்தார் ஒவ்வொருவரும் படிக்க வேண்டுவது. தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு அரசு ரொக்கமாகக் கொடுத்துவந்த உதவித்தொகை பெரும்பாலும் வீணாகிறது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். வறுமையில் வாடும் பெற்றோர் அத்தொகையைக் குடும்ப வருவாயாகக் கருதிச் செலவழித்துவிடுகின்றனர். பிள்ளைக்கு அது சென்று சேர்வதில்லை. ஆகவே அப்பணத்தை விடுதிகளுக்குச் செலவிடுவதே நன்று என்பது அவருடைய வாதம். தம் மக்களின் வறுமையைப் பிறர் முன்னிலையில் இவ்வளவு பச்சையாக எடுத்துரைக்க எத்துணைத் துணிவு வேண்டும்! பெற்றோர் மீது குற்றம் சுமத்துவதாக நாம் இதனைக் கொள்ளலாகாது. ஆறு பேர் பசித்திருக்கும் வீட்டுக்குள் ஒருவனுக்கென்று வரும் பணம் ஆறாகப் பிரிவது இயற்கை. சமைத்துத் தட்டில் வைத்த சோறு மட்டுமே அப்பிள்ளையின் வயிற்றுக்குப் போகும். உதவித்தொகையே கூடாதென்று அவர் சொன்னாரல்லர். பிற்காலத்தில் வைசிராய் நிருவாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, கல்லூரி மாணவர்க்கு மைய அரசின் உதவித்தொகை கிடைக்கப் போராடி வெற்றி கண்டவரும் அவரே. 1944இல் தொடங்கிய அத்திட்டத்தால் படித்தவர்கள் நம் சங்கத்திலேயே பலர் உண்டு.

1928இல் தாழ்த்தப்பட்ட வகுப்பார் கல்விச் சங்கத்தை நிறுவி, பம்பாய் மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு ஐந்து விடுதிகள் நடத்தும் பொறுப்பை ஏற்றார். அரசு மானியம் போதவில்லை. வட்டமேசை மாநாட்டுக்குச் செல்லும் தலைவர் என்று உலகம் அவரை அறியத் தொடங்கிய அதே ஆண்டுகளில், விடுதிப் பிள்ளைகளின் சோற்றுச் செலவுக்காகச் செல்வர்களிடமும் அறநிலையங்களிடமும் உதவி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். 1932இல் ஏற்பட்ட புனா ஒப்பந்தத்தைச் சட்டசபை இடங்களைப் பற்றியது என்றே நாம் நினைவிற் கொண்டுள்ளோம். ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி நிதியில் ஒரு பங்கைத் தாழ்த்தப்பட்டோர்க்கென ஒதுக்க வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு.

இவ்விடத்தில் அன்னை இரமாபாயைப் பற்றிச் சொல்லாமற் போனால் கட்டுரை நொண்டியாகும். கணவர் இலண்டனில் அப்பளம் தின்ற அதே நாட்களில் அவ்வம்மையார் பம்பாயில் வறுமையோடு போராடினார். அவர் பெற்ற பிள்ளைகள் ஐவர். பிழைத்தவர் யசுவந்த் ஒருவர் மட்டுமே. மாமியார் தலைமுறையில் பதினான்கில் ஒன்பது போயின; இவர் தலைமுறையில் ஐந்தில் நான்கு போயின. இலண்டன் பட்டினியைப் பாராட்டிப் பேசும் நாம் இக்கணக்கைச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

மராத்திய மக்கள் இன்றும் சொல்லிவரும் செய்தி ஒன்று உண்டு. தார்வாட் நகரில் வராலே என்னும் தொண்டர் கண்காணித்து வந்த மாணவர் விடுதிக்கு இரமாபாய் சில நாட்கள் தங்கச் சென்றிருந்தார். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் திடீரென அடங்கிப்போயினர்; முற்றத்தில் அரவமே இல்லை. காரணம் கேட்டபோது, மானியம் வந்து சேராததால் விடுதியில் தானியம் தீர்ந்துவிட்டது என்றும், பிள்ளைகள் பட்டினி என்றும் தெரிந்தது. அம்மையார் மறுசொல் பேசாமல் உள்ளே சென்று, தம் பொன் வளையல்களைக் கழற்றிக் கொணர்ந்து, அடகு வைத்தோ விற்றோ உடனே அரிசி பருப்பு வாங்கி வருமாறு கொடுத்தார். அன்று அடுப்பு எரிந்தது. பிள்ளைகள் அவரை அன்னை என அழைக்கத் தொடங்கியது அன்றுமுதல் என்பர். நெடுநாள் நோயுற்றிருந்த அவ்வம்மையார் 1935 மே 27ஆம் நாள் மறைந்தார்.

அண்ணல் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அதன் சார்பில் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950இல் அவுரங்காபாத்தில் இன்று மிலிந்த் கல்லூரி எனப்படுவதும் எழுந்தன. பகலில் வேலைக்குப் போகும் ஏழை மாணவர் படிப்பதற்கென்றே சித்தார்த்தா கல்லூரி காலை வேளையில் வகுப்பு நடத்தியது. அவுரங்காபாத்தில் விடுதிகளும் அமைந்தன. 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு, மக்களின் ஊட்டச்சத்து நிலையை உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்று கூறுகிறது. வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமோ!

இறுதி ஆண்டுகளில் நீரிழிவும் நரம்பு வலியும் அவரை வாட்டின. இளமையில் சத்துக் குறைவாக வளர்ந்தவர்க்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி என்று இன்றைய மருத்துவர் கூறுவர். அண்ணலின் நோய்க்கு அதுவே காரணம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அவர், அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் டில்லியில், அறுபத்தைந்தாம் வயதில் இயற்கை எய்தினார்.

இனி நம் சங்கத்தின் செய்தி. வெள்ளி விழா நிதியைக் கொண்டு, பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மூன்று இடம் பெறுவோர்க்கு ரொக்கப் பரிசும் கேடயமும் வழங்குவது என்று செயற்குழுவில் பேசப்பட்டபோது நானும் கை தூக்கினேன். இப்போது அக்கையை இறக்கிக்கொள்கிறேன். தை மாதத்தில் நம் தெரு மகளிர் குழுவினரிடம் தார்வாட் வளையல் செய்தியைச் சொன்னேன். என்னிடம் ஒன்றும் கேட்காமல் அடுத்த வாரமே வீட்டுக்கொரு பிடி அரிசி எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டனர். அன்றுமுதல் படிப்பகத்தில் மாலை ஆறு மணிக்கு ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, ஒரு நாள் முட்டையோடு கஞ்சி என முறைவைத்துச் சமைக்கின்றனர். மயங்கி விழுந்த மாணவி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. இரும்புச் சத்து மாத்திரையும் உண்கிறாள். அடை சுடுகிற நாளில் இரண்டு கேட்கிறாள். அரிசி போதுகிறது, முட்டைக்கும் பயறுக்கும் எண்ணெய்க்கும்தான் பணம் வேண்டும். அதன் கணக்கைப் பொருளாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரும் பொதுக்குழுவில் அது உறுப்பினர் முன் வைக்கப்படும்.